சூரியன் எழாத ஊரில் பண்டிகைக் காலம்: வழி சொல்லுங்கள்

கேள்வி
எழுதியவர்: காவிரிக்கரை

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி கிடைத்ததால், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நார்வேயின் வடபகுதியில் உள்ள ட்ரொம்சோ நகருக்கு இந்த ஆகஸ்டில் குடிவந்தோம். மூத்தவன் முதல் வகுப்புப் படிக்கிறான். இளையவள் மழலையர் பள்ளிக்குப் போகிறாள். நவம்பர் தொடக்கத்தில் என் மாமியாரும் 90 நாள் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். இங்கே பல குளிர்காலங்களைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பதால், எங்கள் முதல் பண்டிகைக் காலத்தைப் பற்றி உங்களிடம் யோசனை கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு இதைவிட இனிய மாதம் இருக்க முடியாது. தெருவில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் காகித நட்சத்திரமோ, ஏழு விளக்குகள் கொண்ட தண்டோ எரிகிறது. வகுப்பில் டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு சிறு கதவைத் திறக்கும் நாட்காட்டியை வைத்திருக்கிறார்கள். 13-ஆம் தேதி லூசியா நாளன்று இளையவள் வெள்ளை அங்கி அணிந்து மற்றப் பிள்ளைகளோடு பாடிக்கொண்டு ஊர்வலம் போனாள். குங்குமப்பூ சேர்த்துச் சுட்ட மஞ்சள் ரொட்டியில் எனக்கென்று பாதியைப் பிய்த்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பெரியவர்களுக்குத்தான் கடினமாக இருக்கிறது. நவம்பர் 27-க்குப் பிறகு இங்கே சூரியன் எழவில்லை. ஊரில் மாமியார் விடியுமுன் எழுந்து குளித்து, வாசலில் கோலமிட்டு, சூரியனைக் கும்பிட்ட பிறகுதான் காபியைத் தொடுவார். இங்கே சமையலறை ஜன்னலருகே நின்று, "எதைக் காலை என்று வைத்துக்கொள்வது?" என்று அவர் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. மருந்து சாப்பிடுகிறவர் பத்து, பதினொரு மணிவரை வெறும் வயிற்றில் இருக்கிறார். எனக்கோ பிற்பகல் மூன்று மணிக்கே உடல் படுக்கையைத் தேடுகிறது. குழந்தைகளிடம் காரணமின்றி எரிந்து விழுகிறேன்.

இதற்கிடையில் 24-ஆம் தேதி மாலை தன் வீட்டு விருந்துக்கு வருமாறு பக்கத்து வீட்டு அம்மையார் எங்கள் ஐந்து பேரையும் அழைத்திருக்கிறார். நாங்கள் மூன்று பெரியவர்களும் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். அது அவர்கள் குடும்பமாகக் கூடும் நாள் என்றும் கேள்விப்படுகிறோம். போவது முறையா என்று தயக்கமாக இருக்கிறது. கணவர், எல்லோரும் ஊருக்கே போய்ப் பொங்கல் முடிந்து திரும்பலாம் என்கிறார். ஆனால் இந்த நேரத்து விமானக் கட்டணம் எங்கள் சேமிப்பையே துடைத்துவிடும்.

இந்த நாட்களை நீங்கள் எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள்? ஊருக்குப் போவது நல்லதா, இருந்து பார்ப்பது நல்லதா? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

---

பதில் 1
எழுதியவர்: வடகடல்

அன்புத் தங்கைக்கு வணக்கம். நான் 1980களின் இறுதியில் இந்நாட்டில் 'மக்கள் உயர்கல்லூரி' எனப்படும், தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அக்காலத்தில் வந்த நம்மவர் பலரைப் போலவே நானும் பின்மார்க் மாவட்டத்துக் கரையோர ஊர் ஒன்றில் மீன் பதனிடும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது உங்கள் ட்ரொம்சோவில்தான் வசிக்கிறேன்.

உங்கள் மாமியாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை இருக்கிறது. துருவ இரவு என்றவுடன் நாள் முழுவதும் கும்மிருட்டு என்று நினைக்கிறோம். ஆண்டின் மிகக் குறுகிய நாளான டிசம்பர் 21-ஐ ஒட்டிக்கூட, நண்பகலில் ட்ரொம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு ஏறக்குறைய 3 பாகை மட்டுமே கீழே நிற்கிறது. அதனால் வானம் தெளிந்திருந்தால் காலை பத்து மணி தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை ஒரு நீல வெளிச்சம் ஊரெங்கும் பரவியிருக்கும். பனி மூடிய தரை அதை இன்னும் கூட்டிக் காட்டும். பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அந்த வெளிச்சம் உச்சத்தை அடையும். அப்போது கிழக்கே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெற்கே பார்க்க வேண்டும். மலைகளுக்கு மேலே தென்வானம் செம்மஞ்சளாகச் சிவந்திருப்பதையும், அதற்கு நேர் கீழேதான் சூரியன் நிற்கிறது என்பதையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். காலை ஏழு மணிக்கு சுவாமி படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுக் காப்பியும் மருந்தும் எடுத்துக்கொள்ளட்டும். சூரிய வணக்கத்தை நண்பகலில் வெளியே வந்து செய்யட்டும். என் தாயார் இங்கே வந்திருந்தபோது இப்படித்தான் ஒழுங்கு செய்தோம். முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார், பிறகு பதினொரு மணிக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கத் தொடங்கினார்.

அந்த நண்பகல் நடை உங்களுக்கும் கட்டாயம் வேண்டும். முகில் மூடிய நாளென்றாலும் போங்கள். காலையில் 10,000 லக்ஸ் ஒளி தரும் சிகிச்சை விளக்கின் முன் அரை மணி நேரம் இருப்பது பலருக்கு உதவுகிறது. கண் நோயோ மனநிலை சார்ந்த நோயோ உள்ளவர்கள் குடும்ப வைத்தியரைக் கேட்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். வைட்டமின் டி விடயத்தில் அசட்டை வேண்டாம். நம்முடைய கருமையான தோலில் அது வெயிலிலும் மெதுவாகவே உருவாகும். இங்கே குளிர்காலத்தில் உருவாகவே உருவாகாது. இந்நாட்டார் தினமும் ஐந்து மில்லிலீற்றர் மீனெண்ணெய் குடிப்பது அதற்காகத்தான். அந்த ஒரு கரண்டியில் 10 மைக்ரோகிராம் இருக்கிறது. நீங்கள் சைவர் என்பதால் மருந்தகத்தில் மாத்திரையாகக் கேளுங்கள். மாத்திரைக் கூட்டின் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுத்ததா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குளிரை விட வழுக்கலுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டத்தால் ட்ரொம்சோவின் ஜனவரிச் சராசரி உறைநிலைக்கு மூன்று, நான்கு பாகை கீழேதான் இருக்கும். அதனால் பனிக்கு மேல் மழை விழுந்து, தெரு முழுவதும் கண்ணாடிப் பாளமாகிவிடுகிற நாட்கள் உண்டு. அம்மாவின் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள் பட்டியை இன்றே வாங்குங்கள். இந்தக் காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பண்டிகை முழுவதும் ஆஸ்பத்திரியில் கழியும்.

நத்தார் (கிறிஸ்துமஸ்) பற்றிக் கேட்டீர்கள். பின்மார்க்கில் 23-ஆம் திகதியோடு ஆலையை மூடிவிடுவார்கள். விடுதியில் நாங்கள் தமிழ் இளைஞர்கள் மட்டும் மிஞ்சுவோம். 24-ஆம் திகதி மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் தேவாலய மணிகள் ஒலிக்கும். அதற்குப் பிறகு தெருவில் மனித நடமாட்டமே இராது. பேருந்து கிடையாது, கடை கிடையாது. ஊரில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டோடு தொலைபேசியில் பேசவும் வழியில்லை. கொட் மீன் தலையைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நத்தாருக்கு எங்கள் மேற்பார்வையாளர், தன் வீட்டு விருந்து முடிந்த கையோடு ஒரு தகர டப்பா நிறைய ஏழு வகை மாப்பண்டங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு பனிப்புயலுக்குள் நடந்து வந்தார். பேச மொழி போதவில்லை. எங்களோடு இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டிலிருந்து அவர் வீட்டு மேசையில் எங்களுக்கும் இடமிருந்தது. ஆகவே அழைப்பைத் தட்டாதீர்கள் என்றே சொல்வேன். குடும்பத்துக்கென்று ஒதுக்கிய அந்த மாலைக்கு இந்நாட்டார் ஒப்புக்காக ஒருவரையும் அழைப்பதில்லை.

ஊருக்குப் போவதா என்ற கேள்விக்கு என் கருத்து: இப்போது போக வேண்டாம். டிசம்பரில் இருள் இருந்தாலும் விளக்குகள் இருக்கின்றன, விடுமுறை இருக்கிறது, பிள்ளைகளின் ஆரவாரம் இருக்கிறது. ஜனவரி 6-ஆம் திகதியிலிருந்து 13-ஆம் திகதிக்குள் ஜன்னல் நட்சத்திரங்களை எல்லாம் இறக்கிவிடுவார்கள். விளக்குகள் போன பிறகும் இருள் நீடிக்கும் அந்த இரண்டு கிழமைதான் மிகக் கடினம். அந்தக் காலத்துக்கு ஏதாவது வைத்திருங்கள். நமக்கோ சரியாக அங்கே பொங்கல் வருகிறது. ட்ரொம்சோவில் துருவ இரவு கணக்குப்படி ஜனவரி 15-ஆம் திகதி அளவில் முடிகிறது. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் சூரியன் தெரிய 21-ஆம் திகதி ஆகிவிடும். அதாவது சூரியனுக்குப் பொங்கும் நாளில் சூரியன் இன்னும் வந்திருக்காது. நாங்கள் ஆலை விடுதியின் மின்னடுப்பில் தெற்கு ஜன்னலைப் பார்த்துப் பொங்கினோம். பால் வழிந்து அடுப்பில் கருகிய மணம் விடுதியில் இரண்டு நாள் நின்றது. 21-ஆம் திகதி பாடசாலைகளில் சூரியனை வரவேற்று, பழப்பாகு நிரப்பிப் பொரித்த 'சூரிய பணிஸ்' உண்பார்கள். நவம்பர் தொடக்கத்தில் வந்தவர் என்றால் உங்கள் மாமியார் அந்த நாளைப் பார்த்துவிட்டே திரும்பலாம்.

---

பதில் 2
எழுதியவர்: குறிஞ்சி (ஒஸ்லோ)

வடகடல் ஐயா சொன்ன உடல்நலக் குறிப்புகள் அனைத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பணத்தைப் பற்றியும், நம் பிள்ளைகள் எதைத் தம் பண்டிகையாக எண்ணி வளர்கிறார்கள் என்பதைப் பற்றியும் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதால் அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நவம்பரிலோ டிசம்பரிலோ உங்கள் கணவரின் சம்பளத்தில் பாதி வரிதான் பிடிப்பார்கள். கையில் கூடுதலாகப் பணம் வந்தவுடன் அரசாங்கம் பண்டிகைப் பரிசு தருகிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது நம்முடைய பணமே. ஆண்டு வரியைப் பன்னிரண்டாகப் பிரிக்காமல் பத்தரை மாதங்களுக்குள் பிடித்துவிடுவதால்தான் ஜூனில் வரியில்லாமலும் இம்மாதம் பாதி வரியோடும் சம்பளம் வருகிறது. மற்ற மாதங்களில் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்று, அதையும் கடனட்டையில் இன்னொரு பங்கையும் பொம்மைக் கடையில் வைத்துவிட்டு வருவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஜனவரியில் சம்பளம் வழக்கமான அளவுக்குத் திரும்பும். குளிருக்கு மின்சாரக் கட்டணம் ஏறியிருக்கும். அட்டைக் கடனுக்கான சீட்டும் அதே கிழமையில் வரும். எங்கள் சமூகத்தில் தம்பதிகளுக்குள் பிணக்கு ஏற்படும் மாதம் ஜனவரி என்பதை நான் கண்ணால் பார்த்து வருகிறேன்.

பாடசாலை நாட்காட்டியோடு விடயம் நின்றுவிடுவதில்லை. வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 24 சிறு பொதிகள் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள் என்றால் 48 பொதிகள். விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனால் யாருக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சுத்தான். என் மகன் முதல் வகுப்பில் இருந்தபோது, மற்றவர்கள் பெற்ற பரிசுகளைக் கேட்டுவிட்டு வந்து இரவு முழுவதும் பேசாமல் படுத்திருந்தான். பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். வகுப்பாசிரியர் அதன் பிறகு, பரிசைப் பற்றிக் கேட்காமல் விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்கத் தொடங்கினார். நீங்களும் தயங்காமல் பேசுங்கள். பனிச்சறுக்குப் பலகையும் சறுக்குச் சப்பாத்தும் வாங்க வேண்டியதில்லை; 'பூஆ' என்ற அமைப்பின் நிலையங்களில் அவற்றை இலவசமாக இரவல் தருகிறார்கள். மற்றப் பொருட்களுக்கு 'ஃபின்' தளத்தில் தேடினால் அதிகம் பாவிக்காத பொருட்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும்.

இரண்டாவது செய்தி. விடுமுறைக்கு முன் வகுப்போடு தேவாலய வழிபாட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். விருப்பமில்லை என்றால் எழுத்தில் தெரிவித்து விலக்குப் பெறப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த நேரத்துக்கு வேறு செயல்பாட்டைப் பாடசாலையே ஒழுங்கு செய்ய வேண்டும். அனுப்புவதில் தவறில்லை, அனுப்பாவிட்டாலும் தவறில்லை. ஆனால் இந்த மாதம் நமக்கும் வெறும் மாதம் அன்று. பிள்ளையாருக்கு நோற்கும் பெருங்கதை விரதமும், 21 இழைக் காப்பும், அதன் பின் திருவெம்பாவையும் வருகிற மார்கழி இது. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நத்தார் மரத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்தால், பண்டிகை என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியது என்று நம் பிள்ளை எண்ணிவிடும். எங்கள் வீட்டில் மரம் வைப்பதில்லை. திருவெம்பாவை நாட்களில் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி ஆளுக்கொரு பாட்டுப் பாட வைக்கிறோம். பெரிய பரிசைப் பொங்கலன்று கொடுக்கிறோம்.

---

பதில் 3
எழுதியவர்: மாலைப்பணி

காவிரிக்கரைத் தங்கச்சிக்கு வணக்கம். குறிஞ்சித் தம்பி சொன்ன கணக்கு முழுவதும் உண்மை. மரம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் மட்டும் நான் வேறு கருத்து உடையவள். பிள்ளைகள் கைகோத்து மரத்தைச் சுற்றி வந்து பாடுவதால் அவர்களுடைய தேவாரம் மறந்துபோகாது. என் மகள் இரண்டையும் பாடி வளர்ந்தாள்.

நான் வட நோர்வேயில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். எங்கள் வேலை அட்டவணையில் நத்தார் அல்லது புத்தாண்டு, இரண்டில் ஒன்றுதான் ஓய்வாகக் கிடைக்கும். பிள்ளை சிறிதாக இருந்த காலத்தில் அது பெரிய வருத்தம். நகராட்சி ஊழியருக்கான ஒப்பந்தப்படி 24-ஆம் திகதி நண்பகல் 12 மணிக்குப் பின்னரும், 25, 26 ஆகிய நாட்களிலும் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வழக்கமான கூலிக்கு மேலே இன்னொரு மணிக்கூலியும் அதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்த்துத் தருவார்கள். அந்தப் பணத்துக்காக நம்மவர்கள் தாமாகவே முன்வந்து அந்த நாட்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டாயம் உள்ளவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் ஆண்டுகளில் எல்லா நத்தாரையும் விற்றுவிட வேண்டாம்.

அந்த மாலையின் மறுபக்கத்தை நான் அங்கேதான் பார்க்கிறேன். ஒரு முதியவளுக்குத் தலைவாரி, நல்ல மேற்சட்டை உடுத்தி, அவர்களின் பரம்பரை வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தடியில் குத்திவிட்டேன். அதன் சிறு தொங்கல்கள் மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல ஒலித்தன. மகன் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. பனிப்புயலால் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். ஐந்து மணிக்கு வானொலியில் தேவாலய மணி ஒலிக்கும் வரைக்கும் பதக்கத்தைக் கழற்ற விடவில்லை. பிறகு மணியோசையைக் கேட்டதும், பல நாட்களாகப் பேசாதிருந்தவள் நத்தார்ப் பாட்டு முழுவதையும் பிசகாமல் பாடினாள். நம்மைப் போன்ற வந்தேறிகள் மட்டுமே இந்த இரவில் தனித்திருக்கிறோம் என்று எண்ணுவோம். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் எத்தனையோ பேருக்கு இந்த இரவு நீளமானது. உங்களை அழைத்த அம்மையாரின் மேசையில் ஒருவேளை இந்த ஆண்டு யாரேனும் குறைந்திருக்கலாம். ஐந்து பேர் வந்து அமர்வது அவருக்கும் பேருதவியாக அமையக்கூடும்.

போவதென்றால் சில செய்திகள். 24-ஆம் திகதி மாலை நான்கு மணிக்கு மேல் கடைகள் திறந்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது, அடுத்த இரண்டு நாட்களும் விடுமுறை. எனவே பாலும் மருந்தும் முன்னதாகவே வாங்கி வையுங்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தாமல் போய்ச் சேருங்கள். மேசையில் சோடாக் காரநீரில் ஊறவைத்த மீனோ, பன்றி விலாவோ, ஆட்டு விலாவோ இருக்கும். மூன்று பேர் சைவம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கும் கோவாவும் (முட்டைக்கோசும்) தாராளமாக இருக்கும். அரிசியைப் பாலில் குழைத்துச் செய்யும் கஞ்சியையும், அதைக் குளிரவைத்துப் பாலேடு சேர்த்த இனிப்பையும் அம்மா விரும்பிச் சாப்பிடுவார். நம் பாற்புக்கையை நினைவூட்டும் பதம். அதற்குள் ஒரேயொரு தோல் நீக்கிய வாதுமைப் பருப்பை ஒளித்திருப்பார்கள். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு மாசிப்பானில் செய்த பன்றிக்குட்டி பரிசு. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடித்து விழுங்கிவிடுவார்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், பிற்பகல் மூன்றுக்கே படுக்கை தேடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இருள் காலத்தில் அது பலருக்கும் நேர்வதுதான். இரண்டு கிழமைக்கு மேலும் நீடித்தால், எதிலும் மனம் ஒட்டாமல் போனால், பண்டிகை முடியட்டும் என்று காத்திராமல் குடும்ப வைத்தியரிடம் போங்கள். விடுமுறை நாட்களிலும் இரவு பகலாக 116 123 என்ற எண்ணில் மனநல உதவித் தொலைபேசி இயங்குகிறது. ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்டுத் தொடங்குங்கள்.

---

பதில் 4
எழுதியவர்: மணல்மேடு

இந்த இழையில் இதுவரை எவரும் தொடாத நாள் ஒன்று இருக்கிறது. நான் இலங்கையின் வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் திகதி காலை சுனாமியில் எங்கள் கரையைக் கடல் எடுத்தபோது நான் நோர்வேயில் இருந்தேன். நத்தார் விடுமுறை என்பதால் இங்கே எல்லா அலுவலகங்களும் பூட்டியிருந்தன. தொலைக்காட்சியில் தாய்லாந்தையும் காலி நகரையும் காட்டினார்களே தவிர எங்கள் ஊரின் பெயர் வரவில்லை. என் வீட்டாரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை அறியப் பல நாட்கள் சென்றன. ஒவ்வோர் ஆண்டும் 25-ஆம் திகதி மற்றவர்கள் உண்டு களித்திருக்கும்போது எனக்கு நெஞ்சு இறுகத் தொடங்கிவிடும்.

இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் அன்று இறந்தார்கள். சகோதரி தஞ்சைப் பக்கத்தவர் என்பதால் நாகப்பட்டினத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், வேளாங்கண்ணிக்கு நத்தார் யாத்திரை வந்தவர்களும் அவர்களில் அடங்குவர். நோர்வேயைச் சேர்ந்த 84 பேரும் அன்று இறந்தார்கள் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அவர்களுள் பெரும்பாலானோர் இந்த இருளையும் குளிரையும் விட்டு வெயில் தேடித் தாய்லாந்துக் கடற்கரைகளுக்குக் குடும்பத்தோடு போனவர்கள். ஒஸ்லோவில் பிக்டோய் தீபகற்பத்தின் கடலோரத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. முதலில் அங்கே போனபோது, துயரத்தைச் சொல்ல எனக்கு மொழி தேவைப்படவில்லை. அங்கே நின்ற ஒரு முதியவர் எந்த ஊர் என்று கேட்டார், நான் சொன்னேன், என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் 26-ஆம் திகதி காலையில் எங்கள் வீட்டில் விளக்கேற்றி, இறந்தவர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்கிறோம். மாலையில் பிள்ளைகள் மரத்தைச் சுற்றும் விழாவுக்குப் போகவும் விடுகிறோம். ஒரே நாளில் இரண்டும் கூடுமா என்று உறவினர் சிலர் கேட்டதுண்டு. என் பிள்ளைகள் பார்த்தறியாத பாட்டிக்காக அவர்களின் ஆண்டு முழுவதையும் நான் இருளாக்க முடியாது. பாட்டியின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உங்களில் எவர் வீட்டிலாவது அந்த நாளில் ஒருவர் விருந்துக்கு வர மறுத்தால், காரணம் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

---

கேள்வியாளரின் பதில்
எழுதியவர்: காவிரிக்கரை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. மணல்மேடு அண்ணா, என் பெரியப்பா குடும்பம் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் இருந்தது. நீங்கள் எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். 26-ஆம் தேதி காலை நாங்களும் விளக்கேற்றுகிறோம்.

ஊருக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இன்று பதினொன்றரை மணிக்கு மாமியாரை வெளியே அழைத்துச் சென்றேன். மேகம் இருந்தது; மலைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் வெளுத்துச் சிவந்திருந்தது. கும்பிட்டுவிட்டு, "இந்த நேரத்தில்தான் வருவாரா?" என்று கேட்டார். இரும்பு முள் பட்டியும் வாங்கிவிட்டோம். குறிஞ்சி அவர்கள் சொன்னபடி கடனட்டையைத் தொடாமல் ஆளுக்கு ஒரே பரிசு என்று வைத்திருக்கிறோம். காலையில் திருவெம்பாவையையும் தொடங்குகிறோம்.

பக்கத்து வீட்டு அம்மையாரிடம் வருகிறோம் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. சைவம் என்பதையும் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். வெறுங்கையோடு போக மனமில்லை. சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்துப் போகலாமா? வீட்டில் மாமியார் ஏற்றும் நெய்விளக்கினால் புகை எச்சரிக்கைக் கருவி கத்திவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. கணவர் அதைக் கழற்றி வைக்கலாமா என்கிறார்.

---

பதில் 5
எழுதியவர்: மாலைப்பணி

கருவியைக் கழற்றவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மெழுகுவர்த்தியும் அடுப்பும் ஓயாது எரியும் டிசம்பரில்தான் இந்நாட்டில் வீட்டுத் தீ விபத்துகள் அதிகம். அதனால்தான் டிசம்பர் 1-ஐப் புகை எச்சரிக்கைக் கருவியின் நாளாக வைத்து எல்லோரையும் மின்கலம் மாற்றச் சொல்கிறார்கள். ஒரு சிறு நெய்விளக்கின் புகைக்கு அது ஒலிக்காது. கருவிக்கு நேர் கீழே ஏற்றாமல், திரைச்சீலையிலிருந்து தள்ளி, ஓட்டின் மேலோ தட்டின் மேலோ வையுங்கள். அம்மா அறையை விட்டு எழுந்தால் விளக்கை அமர்த்திவிட்டு எழட்டும். சத்தம் போடுவது தாளிதப் புகைக்குத்தான். அடுப்புக்கு மேலுள்ள புகையுறிஞ்சியைப் போட்டுக்கொண்டு தாளியுங்கள்.

சர்க்கரைப் பொங்கல் கட்டாயம் கொண்டு போங்கள். அரிசியும் பாலும் அவர்கள் அறிந்தவைதான், வெல்லமும் ஏலக்காயும் புதிதாக இருக்கும். இனிப்பைச் சற்றுக் குறைத்து, சூடு ஆறுமுன் மூடி எடுத்துச் செல்லுங்கள். முந்திரியை மட்டும் கலந்துவிடாமல் நெய்யில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். விருந்துக்கு வருபவர்களில் எவருக்காவது பருப்பு வகைகள் ஒவ்வாமை இருக்கிறதா என்று அம்மையாரிடம் இன்றே கேட்டுவிடுவது நல்லது.